அண்ணாந்து குடிக்கும் ஊர்

முத்தையன்துறைக்காரர்கள் தண்ணீர் குடிப்பதைப் பார்ப்பதற்கு டிக்கெட் போடலாம். செம்பைத் தலைக்கு மேல் ஒரு முழம் தூக்கிப் பிடிப்பார்கள். தண்ணீர் குற்றால அருவியின் கடைசித் தம்பி மாதிரி இறங்கி நேரே தொண்டைக்குள் போய்விடும். உதட்டில் படாது, மூக்கில் தெறிக்காது. உப்பளத்தில் சில கில்லாடிகள் குடித்துக்கொண்டே பக்கத்து ஆளோடு சண்டையும் போடுவார்கள். ஒரு கோவில் கொடைத் திருவிழாவின்போது பனை உச்சியிலிருந்து ஒருவன் ஊற்ற, கீழே நின்று இன்னொருவன் குடித்தானாம். ஒரு சொட்டு சிந்தவில்லை, நடுவில் பறந்த காக்கை மட்டும் கொஞ்சம் நனைந்ததாம். அந்தக் காக்கையைக் கண்ணால் பார்த்தவர்கள் ஊரில் இன்னமும் இருக்கிறார்கள்.

எச்சில் என்றால் அந்த ஊருக்கு அவ்வளவு பயம். பிள்ளைகள் கடலைமிட்டாயைப் பங்கு போட்டால்கூடச் சட்டை நுனியை அதன்மேல் மூடி, காக்காக்கடி கடித்துத்தான் கொடுக்கும். பெரியவர்கள் குழந்தையைக் கொஞ்சினால் கன்னத்தை விரலால் வழித்துத் தங்கள் விரலுக்குத்தான் முத்தம் கொடுத்துக்கொள்வார்கள். மேலத்தெருவுக்கும் கடலோரத் தெருவுக்கும் நடுவே சுவர் கிடையாது, தேவைப்படவில்லை. ஒரே செம்பில் இரண்டு தெருவும் குடிக்கும். ஒரு தெருவின் உதடு இன்னொரு தெருவின் உதட்டை அறியாது.

இப்படிப்பட்ட ஊருக்குச் சுகாதார ஆய்வாளராக வந்து வாய்த்தவர் சிவனணைந்த பெருமாள். ஊருக்குள் அவர் பெயர் பினாயிலு அண்ணாச்சி. அவர் வருவதற்கு ஒரு தெரு முன்னாலேயே அவருடைய வாசனை வந்துவிடும். ஈக்கள் பிள்ளைகுட்டிகளோடு ஊரைக் காலி செய்யும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவிக் கழுவி, அவருடைய உள்ளங்கை சலவைக்குப் போட்டெடுத்த வேட்டி மாதிரி வெளுத்துக் கிடந்தது. ரேகைகூட அழிந்துவிட்டது. ஜோசியர் ஒருவர் அந்தக் கையை விரித்துப் பார்த்துவிட்டு, இந்த ஆள் இன்னும் பிறக்கவே இல்லை என்று சொல்லி எழுந்து போனதாகக் கேள்வி.

மேலத்தெருவில் இருந்த அவர் வீட்டில் அவருக்கென்று பெயர் வெட்டிய டம்ளர், அதற்கென்று தனிப் பலகை. அந்த டம்ளரில்தான் மனைவி உலகம்மை காலைக் காப்பி கொண்டுவருவாள், எப்போதும் விளிம்புக்கு ஒரு விரற்கடை குறைவாக. அவள் சிக்கனக்காரி என்று பெருமாள் வெளியே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

கடல் நிலத்தடிக்குள் புகுந்துவிட்ட காலம் அது. கிணறெல்லாம் கரித்தது. முதலில் கீரைப் பாத்தி போயிற்று, பிறகு பப்பாளி, கடைசியில் முருங்கையே பட்டுப்போயிற்று. உப்புக்கு அசையாமல் நின்றது மருதாணி வேலி ஒன்றுதான். அதை ஆடுகூடத் தின்னாது. ஊர் முழுக்க வெறும் சோறும் புளித்தண்ணீரும். வாங்கித் தின்ன வசதி இருந்த ஒன்றிரண்டு வீடுகளைத் தவிர மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலைக்கண் வந்துவிட்டது. வெயில் சாய்ந்ததும் தெருவில் விளையாட்டு நின்றுபோகும். உப்பளத் தொழிலாளி மாடத்தியின் மகள் பேச்சி சுவரைத் தடவிக்கொண்டு வீடு போவாள். சத்து சொட்டுமருந்து கொண்டுவரும் வண்டி, பாலம் இடிந்த வருஷத்தோடு நின்றுவிட்டது. வடக்கேயிருந்து மணல்வாரி அம்மை கிளம்பியிருக்கிறது என்ற செய்தி மட்டும் எந்தப் பாலமும் இல்லாமல் வந்துசேர்ந்தது. இது பழைய மணல்வாரி இல்லை, புது மாதிரி. பழைய ஊசி இதற்குக் கேட்காது. புது ஊசி தயாராக இன்னும் ஒரு மழைக்காலம் போகவேண்டும். சத்து இருக்கிற பிள்ளைக்கு இந்த அம்மை வந்துவிட்டுப் போகும். சத்தில்லாத பிள்ளையிடம் வந்தால் கண்ணைக் கேட்கும், சில சமயம் உயிரைக் கேட்கும்.

இந்த நேரத்தில்தான் தூத்துக்குடியிலிருந்து டாக்டர் ஹெப்சிபா வந்தாள். கையில் ஐஸ் பெட்டி, அதற்குள் ஒரு சின்னக் குப்பி. நுண்ணுயிர் ஆராய்ச்சி படித்தவள். பெருமாளின் அறையில் உட்கார்ந்து, குப்பிக்குள் இருப்பது ஒரு கிருமி என்று சொன்னாள். பெருமாள் நாற்காலியைச் சுவரோடு சுவராகத் தள்ளிக்கொண்டார்.

"பயப்படாதீங்க அண்ணாச்சி, நல்ல கிருமி. நோய் பாத்தீங்களா, அதுபாட்டுக்கு நடந்து போயிருது. ரோடு வேண்டாம், வண்டி வேண்டாம். மருந்தைத்தான் யாராவது தூக்கிட்டு வரணும். அப்போ மருந்தையே ஒரு நோய் மாதிரி நடக்க விட்டா என்னன்னு யோசிச்சோம்."

அந்தக் கிருமி நாக்கின் பின்பக்கத்தில் குடியிருக்கும். வாயில் மிஞ்சுகிற சோற்றுப் பருக்கையைத் தின்று, முருங்கைக்கீரையில் இருக்கிற அதே சத்தைச் சமைத்து உள்ளே அனுப்பும். வேறு தொந்தரவு கிடையாது. உள்ளங்கையும் உள்ளங்காலும் மட்டும் லேசாக மஞ்சள் பூத்துவிடும், அதுதான் அடையாளம். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு எச்சில் வழியாகப் போகும். வெளிநாட்டில் ஒரு தீவில் நாலு பேருக்குக் கொடுத்தார்கள், ஒரே பருவத்தில் தீவு முழுக்க மஞ்சள் கை ஆகிவிட்டது என்றாள்.

எச்சில் என்ற இடத்தில் பெருமாள் மேசையிலிருந்த பினாயில் பாட்டிலைத் தன் பக்கமாக நகர்த்திக்கொண்டார். பணியில் சேர்ந்த நாள் முதல் ஆட்டோவில் மைக் கட்டி, எச்சில் படாதீர்கள், கை கழுவுங்கள் என்று கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போனவர் அவர். ஆனால் பேச்சி சுவரைத் தடவிக்கொண்டு போவதை அவரும்தான் தினமும் பார்த்தார்.

ஊரில் தண்ணீரைப் பகிர்ந்து குடிப்பார்களா என்று தலைமை ஆய்வகம் கேட்டிருந்ததாம். இந்தக் கரைக்காரியான ஹெப்சிபா, ஆமாம் என்று ஏற்கெனவே பதில் அனுப்பிவிட்டாள். இருந்தாலும் உறுதிப்படுத்திக்கொள்ள அவரிடமும் கேட்டாள். பெருமாள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. உப்பளத்தில் ஒரு பானை, ஒரு செம்பு, ஊரே குடிக்கும் என்றார். அப்படியானால் ஒரே மாதத்தில் ஊர் மஞ்சளாகிவிடும் என்று அவள் சந்தோஷமாகக் கணக்குப் போட்டாள்.

முதல் கிருமியைச் சம்மதித்து வாங்கிக்கொண்டவர்கள் மூன்று பேர். டீக்கடை இசக்கிமுத்து, உப்பளத்துக் கங்காணி வைகுண்டம், கடலோரத் தெருவில் தோணி இன்ஜின் பழுதுபார்க்கும் பனிமயராஜ். பனிமயராஜின் தங்கைக்குச் சின்ன வயதில் மணல்வாரி கண்டு ஒரு கண் போயிருந்தது. அவன் யாரும் கேட்பதற்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு வந்து நின்றான்.

மூன்று பேருக்கும் கை மஞ்சளாயிற்று. அதோடு நின்றது. பெருமாள் தினமும் ஊரைச் சுற்றி உள்ளங்கை பார்த்தார். நாலாவதாக மஞ்சளானது இசக்கிமுத்துவின் மனைவி கை. இசக்கிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை; டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் அவள் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான். அவள் கரண்டியால் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். ஊர் உடனே கங்காணி வைகுண்டத்தின் மனைவி கையைப் பார்த்தது. அது வெள்ளையாகவே இருந்தது. ஒரு மாதம் ஆயிற்று, அப்போதும் வெள்ளை. டீக்கடையில் ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கங்களில் ஒன்றைக்கூட அச்சில் ஏற்ற முடியாது. வைகுண்டம் கையுறை போட்டுக்கொண்டு உப்பளத்துக்குப் போனார், பிறகு மருந்துக்கடையில் கிருமி கொல்லும் மாத்திரை வாங்கித் தின்று கையை வெளுக்க வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து மஞ்சள் என்ற சொல்லையே அவர் காதில் போட முடியாது. சாம்பாருக்குக்கூட மஞ்சள்தூள் போடாதே என்று வீட்டில் சொல்லிவிட்டதாகக் கேள்வி.

கிருமி ஏன் நகரவில்லை என்று ஹெப்சிபாவுக்குப் புரியவே இல்லை. வெயில் கொல்லுகிறதா, உப்புக்காற்று கொல்லுகிறதா என்று மண்டையை உடைத்துக்கொண்டாள். ஒருநாள் இதையே பேசிப் பேசி நாக்கு வறண்டு, இருவரும் டீக்கடைப் பானையில் தண்ணீர் மொண்டார்கள். அவள் ஒரு செம்பு, அவர் ஒரு செம்பு. ஒரே நேரத்தில் தலையை அண்ணாந்து, கையை உயர்த்தி, ஊற்றினார்கள். பாதியில் இரண்டு பேருடைய கண்ணும் செம்புக்கு அடியில் சந்தித்தன. இரண்டு பேருடைய கையும் அப்படியே நின்றது. தண்ணீர் நிற்கவில்லை; மூக்கு, கழுத்து, சட்டை எல்லாம் நனைத்துக்கொண்டு போயிற்று. முத்தையன்துறையின் சரித்திரத்தில் யாராவது சிந்தியது அதுதான் முதல் தடவை. இசக்கிமுத்து ஓடிவந்து, யாருக்காவது மயக்கமா என்று கேட்டான்.

"ஒரே செம்புன்னு நானும் சொன்னேன், நீங்களும் சொன்னீங்க," என்றாள் ஹெப்சிபா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "வாய் வைக்க மாட்டோம்னு ரெண்டு பேருக்குமே தோணலை."

தோன்றியிருக்காதுதான். மூச்சு விடுவோம் என்று யாராவது பதிலில் எழுதுவார்களா.

மறுநாள் முதல் பெருமாள் அதே ஆட்டோ, அதே மைக்கில் எதிர்ப்பாட்டுப் பாடினார். செம்பில் வாய் வைத்துக் குடியுங்கள் என்று அவர் குரல் வரவர, பெண்கள் கதவைச் சாத்தினார்கள். பினாயிலு மூளைக்கு ஏறிவிட்டது என்று ஊர் முடிவு செய்தது. அவரே ஒருமுறை உப்பளத்தில் செய்துகாட்ட முயன்றார். செம்பை உதட்டுக்குக் கொண்டுபோனார். கை அவரைக் கேட்காமலே ஒரு முழம் மேலே போய்விட்டது. தொழிலாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வைகுண்டத்தின் மனைவி கதையைப் பார்த்தபிறகு மஞ்சள் கை என்றாலே அவமானம் என்றும் ஆகிவிட்டது. கை மஞ்சளாவதற்கு ஒரே அர்த்தம்தானே. எச்சில் எங்கேயிருந்து வந்தது என்பதுதானே முதல் கேள்வி.

ஊரில் திடீரென்று மருதாணி மோகம் பிடித்துக்கொண்டதும் அந்த நாள்களில்தான். கல்லூரிக்குப் போகும் பெண்கள், தபால் கொண்டுவரும் பெண், தையற்கடைக்காரி எல்லார் கையும் சிவப்பு. ஆடு தின்னாத வேலியை மனிதர்கள் மொட்டையடித்துவிட்டார்கள். இளவட்டப் பையன்கள்கூடக் கண்திருஷ்டிக்கு என்று சொல்லி வைத்துக்கொண்டார்கள். பெருமாளின் மகள் ஆவுடைச்செல்வி பால்வாடி டீச்சர். அவள் தன் கைக்கு வைத்ததோடு நிற்காமல் பால்வாடிப் பிள்ளைகள் எல்லாருடைய கைக்கும் அப்பிவிட்டிருந்தாள். ஊரில் கலை வளர்கிறது என்று பெருமாள் நினைத்தார். உள்ளங்கை பார்க்க முடியவில்லையே என்று மட்டும் கொஞ்சம் வருத்தம்.

மணல்வாரி பக்கத்து ஊர்வரை வந்துவிட்டது என்று கேள்விப்பட்ட அன்று, மனசு சரியில்லாமல் பெருமாள் பால்வாடிப் பக்கமாக நடந்து போனார். பொழுது சாய்ந்து, சிவப்பெல்லாம் போய், எல்லாப் பொருளும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிகிற நேரம். பிள்ளைகள் சுவரைத் தேட வேண்டிய நேரம். மைதானத்தில் பேச்சி ஒரு தட்டான்பூச்சியைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

அவர் நின்றுவிட்டார். தட்டான் போகிற போக்கெல்லாம் வளைந்து வளைந்து அவள் போனாள். கல்லைத் தாண்டினாள், கயிற்றைக் குனிந்து கடந்தாள். அவருக்கே சரியாகத் தெரியாத தட்டான் அது. அவரைப் பார்த்ததும் வெட்கப்பட்டுத் திரும்பி ஓடினாள். ஓடும்போது உள்ளங்கால் இரண்டும் மாறி மாறித் தெரிந்தன. கையில்தான் மருதாணி, காலுக்கு யாரும் வைத்துவிடவில்லை. ஆவாரம்பூ மாதிரி மஞ்சள்.

வீட்டுக்கு வந்தார். ஆவுடை மணையில் உட்கார்ந்து பால்வாடிப் பிள்ளைகளின் பாசிமணிகளைக் கோத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, காலைக் காட்டு."

அவள் காட்டவில்லை. பாவாடையை இழுத்து மூடிக்கொண்டு, "தெரிஞ்சுபோச்சாப்பா?" என்றாள்.

"எப்படிட்டி?"

"எனக்கு எங்கேயிருந்து வந்துச்சுன்னு கேக்கீங்களா, எங்கிட்டேயிருந்து எங்கெல்லாம் போச்சுன்னு கேக்கீங்களா?"

"வந்ததைச் சொல்லு மொதல்ல."

"பனிமயராஜ்."

தொற்று எந்த வழியாகப் பரவியது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது சுகாதாரத் துறையில் கட்டாயம். அப்பாக்களுக்குக் கட்டாயம் இல்லை. பெருமாள் கேட்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த கை கழுவும் முறை படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடலோரத் தெரு என்பது அவர் வாய்வரை வந்தது. அதையும் விழுங்கினார்.

மீதியை அவளே சொன்னாள். கை மஞ்சளானதைப் பார்த்ததும் முதலில் மாத்திரை தின்னலாம் என்றுதான் நினைத்தாளாம். அப்போது பேச்சி பால்வாடி வாசற்படியில் தட்டி விழுந்தாளாம், பட்டப்பகல் போல வெளிச்சம் இருக்கும்போதே. அன்றைக்கு ஒரு கடலைமிட்டாயைத் துணி மூடாமல் கடித்து, இது புதுக் காக்காக்கடி என்று சொல்லிப் பேச்சியிடம் கொடுத்தாள். பிள்ளைகளுக்கு விதி மீறும் விளையாட்டைவிடப் பிடித்தது வேறு உண்டா. ஒன்றுக்கொன்று கடித்துக் கொடுத்து, ஒரே வாரத்தில் பால்வாடி முழுவதும் மஞ்சள். மறைக்கத்தான் மருதாணி. ஊரில் மற்றவர்கள் ஏன் வைத்துக்கொள்கிறார்கள் என்று அவர் கேட்டதற்கு, அவரவர் கதை அவரவருக்கு என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுக்களை வாசலில் உலகம்மை நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையும் சிவந்திருந்தது. மகள் வைத்துவிட்டிருப்பாள் என்று பெருமாள் நினைத்தார்.

மறுநாள் ஹெப்சிபா வந்து பிள்ளைகளின் காலைப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆவுடையிடம் கேட்டாள்.

"பெத்தவங்க கிட்டக் கேட்டியா?"

"கேட்டா சரின்னு சொல்லியிருப்பாங்களா டாக்டர்?"

"மாட்டாங்க."

"அப்போ?"

"அப்பவும் கேட்டிருக்கணும் ஆவுடை."

இரண்டு பேர் சொல்வதும் சரி என்று பெருமாளுக்குப் பட்டது.

இந்தப் பேச்சை ஒரு ஆள் கேட்டால் ஊரே கேட்ட மாதிரி. சாயங்காலத்துக்குள் டீச்சர் எச்சில் பிள்ளைகள் வாயில் போன கதையும், டீச்சருக்கு அது வந்த கதையும் இரண்டு தெருவிலும் கால் முளைத்து நடந்தன. மேலத்தெருக்காரர்கள் கூட்டமாகப் பால்வாடிக்கு வந்தார்கள். முன்னால் வைகுண்டம், இடுப்பில் அவர் பேரன். ஒரே கோரிக்கைதான். கிருமி கொல்லும் மாத்திரை பெருமாளின் இருப்பில் பெட்டி பெட்டியாக இருந்தது. அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் உடனே கொடுக்க வேண்டும்.

"கடலோரத் தெரு எச்சிலை எம்பேரன் வாயில வச்சுக்கிட்டு அலையணுமோ, அண்ணாச்சி?" என்றார் வைகுண்டம். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பெருமாள் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கொடுத்துவிட்டால் ஊர் அடங்கிவிடும், மகள் பெயர் கொஞ்ச நாளில் மறந்துபோகும், பக்கத்து ஊரில் நிற்கிற மணல்வாரி ஒரு நாளில் வந்து கதவைத் தட்டும். கொடுக்காவிட்டால், கேட்காமல் கொடுத்தது மகள், கேட்டும் கொடுக்காதது அப்பன் என்றாகும்.

"மாத்திரை இந்தா இருக்கு," என்றார். "வேணுங்கிறவங்க எடுத்துக்கிடலாம், நான் தடுக்க மாட்டேன். எம்மக உங்ககிட்டக் கேக்காம செஞ்சா. அது தப்புத்தான். அதனால இப்ப நான் கேக்கேன். அம்மை வாசலுக்கு வந்துட்டு. அது வர்றப்போ பிள்ளைக வாயில இந்த எச்சில் இருக்கணும். இருக்க விடுவீங்களா?"

மாடத்தி மட்டும் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, எம்பிள்ளை தட்டான் பிடிக்கா அண்ணாச்சி, எனக்கு மாத்திரை வேண்டாம் என்றாள். மேலத்தெரு அசையவில்லை. நீ மட்டும் சுத்தபத்தமாக வெள்ளைக் கையோடு நின்றுகொண்டு எங்களைக் கேட்கிறாயே என்பது எல்லாருடைய முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. பெருமாளுக்கும் அது தெரிந்தது.

பேச்சி பாதி கடித்த கடலைமிட்டாயோடு நின்றுகொண்டிருந்தாள். பெருமாள் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை நீட்டினார்.

பேச்சி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பினாயிலு தாத்தாவை அவளுக்குத் தெரியாதா. இரக்கப்பட்டுத் தன் பாவாடை நுனியை எடுத்து மிட்டாயைச் சுற்றி மூடினாள். "தாத்தாவுக்கு மட்டும் துணி போட்டுத் தாரேன்," என்றாள்.

பெருமாள் அந்தத் துணியை விலக்கினார். பல் பதிந்து ஈரமாக இருந்த பக்கமாகவே கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். ஆயுளில் முதல் தடவையாக வாயைத் துடைக்காமல் எழுந்து நின்றார். விஷம் குடித்தவனைப் பார்ப்பது போல ஊர் அவரைப் பார்த்தது. ஒரு நிமிஷம் கழித்தும் அவர் சாகவில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

ஒருத்தி மாத்திரை எடுக்காமல் தன் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பின்னாலேயே இன்னொருத்தி. மேசைமேல் பெட்டி அப்படியே இருந்தது. வைகுண்டம் மட்டும் ஒரு அட்டை மாத்திரையை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போனார். அவர் கையைப் பிடித்து நிறுத்த ஒரு வார்த்தை பெருமாளிடம் இருந்தது. தடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டோமே என்று சொல்லாமல் விட்டார்.

அந்த வாரமே மணல்வாரி வந்தது. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் அடித்தது, உடம்பெல்லாம் மணலை வாரி இறைத்த மாதிரி தடித்தது, கண் சிவந்தது. வேப்பிலைக் கொத்து சொருகாத வாசல் இல்லை. பிறகு ஒவ்வொன்றாக எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றன. மருதாணி மங்கிப்போய் மஞ்சள் கை எல்லாரும் பார்க்கத் தெரிந்தது; இப்போது யாரும் மறைக்கவில்லை. வைகுண்டத்தின் பேரனும் எழுந்தான். அவனுடைய இடது கண்ணில் மட்டும் அரிசி அளவு வெள்ளைப் பூ விழுந்திருந்தது. அது போகவில்லை.

வைகுண்டத்தைப் பற்றி டீக்கடையில் அதற்கப்புறம் யாரும் பேசுவதில்லை. அவர் மனைவியின் கையைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் அந்தக் கண்ணுக்குப் பொறுப்பு என்று அவரவருக்குத் தெரிந்திருந்தது. பெருமாள் வாரத்துக்கு ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய்ப் பையனின் கண்ணைப் பார்த்துவிட்டு வருவார். வைகுண்டம் அவரை உட்காரச் சொல்வார்.

பெற்றவர்களைக் கேட்காமல் செய்ததற்காக ஆவுடையை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அந்த உத்தரவுக்குப் பெருமாளே பரிந்துரை செய்தார். பனிமயராஜைப் பெண் கேட்டு வரச்சொன்னதும் அவர்தான். இரண்டையும் ஒரே நாளில் செய்த அப்பா ஜில்லாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

கடைசியாக ஹெப்சிபா எல்லாருடைய உமிழ்நீரையும் சோதிக்க வந்தாள். கிருமி ஒரு வாயில் குடியேறி எவ்வளவு காலம் ஆயிற்று என்று அவளுடைய கருவியில் தெரிந்துவிடும். பெருமாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாயைத் திறந்தார். கடலைமிட்டாய் தின்று சரியாக மூன்று வாரம் என்று அவரே சொன்னார். அவள் கருவியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கருவியை ஒரு தட்டுத் தட்டி மறுபடி பார்த்தாள்.

"அண்ணாச்சி, இது மூணு வாரக் குடித்தனம் இல்லை. பிள்ளைகுட்டி பெத்து, வீடு கட்டி, வாடகைக்கும் விட்டிருக்கு. மாசக்கணக்கா உங்க வாயில இருக்கு."

பெருமாள் தன் கையைத் தூக்கிக் காட்டினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. பிளீச்சிங் பவுடர்ல கழுவினா மஞ்சள் எங்க நிக்கும் என்று அவள் கேட்டாள். செருப்பைக் கழற்றச் சொன்னாள். கழற்றினார். உள்ளங்கால் ஆவாரம்பூ.

வீடுவரைக்கும் அவர் யோசித்துக்கொண்டே நடந்தார். யாருடைய செம்பிலும் வாய் வைத்ததில்லை. யாருடைய மிட்டாயையும் அதற்கு முன் தின்றதில்லை. உலகம்மை முற்றத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். மருதாணி போன அவள் கை நல்ல மஞ்சளாக இருந்தது.

"ஒனக்கு எப்படிட்டி வந்துச்சு?"

ஆவுடை தட்டில் மிச்சம் வைத்த சோற்றை வீணாக்குவானேன் என்று தான் சாப்பிடுவது வழக்கம்தானே என்றாள் அவள். அம்மைக்கு ரொம்ப நாள் முன்னாலேயே கை மஞ்சளாகிவிட்டதாம், மருதாணி வைத்துக்கொண்டாளாம்.

"அது சரி. எனக்கு எப்படி வந்துச்சு?"

உலகம்மை முறத்தைக் கீழே வைத்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்தாள். பிறகு, இதில் மறைக்க என்ன இருக்கிறது என்பது போல அவர் முகத்தைப் பார்த்தாள்.

"காப்பிக்குச் சீனி சரியா இருக்கான்னு ஒரு மடக்குக் குடிச்சுப் பாத்துட்டுத்தான தாரேன். கல்யாணமான நாளா அப்படித்தான்."

பெருமாள் வாசற்படியில் உட்கார்ந்தார். விளிம்புக்கு ஒரு விரற்கடை. பனிமயராஜ் வாயிலிருந்து ஆவுடை, ஆவுடை தட்டிலிருந்து உலகம்மை, உலகம்மை உதட்டிலிருந்து பெயர் வெட்டிய அந்தத் தனி டம்ளர். ஊரை நிறுத்திவைத்து விஷம் தின்கிறவன் மாதிரி மிட்டாய் தின்றாரே, அன்றைக்கே கடலோரத் தெரு அவர் நாக்கில் பல மாதமாக வாடகை இல்லாமல் குடியிருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நிற்காமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, தெருவில் போன இசக்கிமுத்து நின்று யாருக்காவது மயக்கமா என்று கேட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் உலகம்மை காப்பியோடு வந்தாள். டம்ளர் அன்றைக்கு விளிம்புவரை நிறைந்திருந்தது. பெருமாள் அதைப் பார்த்தார். வாங்கவில்லை.

"சீனி சரியா இருக்கான்னு பாத்தியா?" என்றார்.

அவள் அவர் கண்ணெதிரிலேயே ஒரு மடக்குக் குடித்தாள். "இருக்கு," என்று நீட்டினாள்.